நாலு போல்ட்டில் ஒரு வீடு

ஸ்டூடியோ என்றால் நம்மில் பலருக்கு இரண்டு அர்த்தம்தான். ஒன்று, கோடம்பாக்கம் வடபழனி பக்கத்து ஏவிஎம், வாஹினி வகையறா. இன்னொன்று, ‘முகத்தைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்புங்க’ என்று பாஸ்போர்ட் சைஸ் எடுத்துத் தரும் தெருமுனைக் கடை. மூன்றாவது அர்த்தம் வீட்டு விளம்பரங்கள் வழியாக வந்தது. ‘லக்ஸுரி ஸ்டூடியோ அபார்ட்மென்ட், பரபரப்பான ஏரியாவில், வாடகைக்கு.’ ஆசையாகப் போய்ப் பார்த்தால் ஒரே ஒரு அறை. கட்டில் அதற்குள்ளேயே, அடுப்பு அதற்குள்ளேயே, ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் குளியலறை. ‘எங்கே சார் ஹால்?’ என்று கேட்டால், ‘நீங்க நிக்கிறதுதான் ஹால், உட்கார்ந்தா டைனிங், படுத்தா பெட்ரூம்’ என்கிறார் புரோக்கர். அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

இந்த வார்த்தை இங்கே எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று தேடினால் கதை ஓவியர்களிடம் போய் நிற்கிறது. ஸ்டூடியோ என்பது அவர்களுடைய வேலை அறை. உயரமான கூரை, வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். வடக்கு வெளிச்சம் நாள் முழுக்க அதிகம் மாறாது, நிழல் அங்குமிங்கும் ஓடாது என்பதால். 1858-ல் நியூயார்க் பத்தாவது தெருவில் ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட் என்ற கட்டடக் கலைஞர் ஓவியர்களுக்காகவே ஒரு ஸ்டூடியோ கட்டடம் எழுப்பினார். 1956-ல் அதை இடித்துவிட்டார்கள். ஓவியர்கள் போய், காசுள்ளவர்கள் வந்தார்கள். கூரை கீழே இறங்கியது, ஜன்னல் சுருங்கியது, வடக்கு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. வார்த்தை மட்டும் தங்கிவிட்டது. வாடகையில் ஒரு பகுதி அந்த வார்த்தைக்கு.

சரி, இப்படிப்பட்ட வீட்டை எடைபோட வேண்டுமென்றால் பக்கத்துத் தெருவில் இருப்பதை எடுத்துக்கொண்டால் பில்டர் கோபித்துக்கொள்வார். அதனால் உலகத்திலேயே மிகப் பிரபலமான ஒரு ஒற்றை அறைக் கட்டடத்தை எடுத்துக்கொள்கிறேன். அது இப்போது இல்லை, கோபித்துக்கொள்ள ஆளும் இல்லை. டோக்கியோவின் நாகாகின் கேப்ஸ்யூல் டவர். கட்டியது 1972. வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா, அப்போது அவருக்கு வயது 38.

குரோகாவா என்றால் யாரோ என்று நினைக்காதீர்கள். மலேசியாவுக்குப் போன நம்மூர்க்காரர்கள் எல்லோரும் அவர் வடிவமைத்த கூரையின் கீழே நின்றிருக்கிறார்கள். 1998-ல் திறந்த கோலாலம்பூர் விமான நிலையம் அவருடையது. இளைஞராக இருந்தபோது சில நண்பர்களோடு சேர்ந்து 1960-ல் ‘மெட்டபாலிஸம்’ என்று ஓர் இயக்கம் ஆரம்பித்தார். உடம்பில் பழைய செல்கள் உதிர்ந்து புதியவை வருகிற மாதிரி, நகரத்திலும் கட்டடத்திலும் பாகங்கள் உதிர்ந்து புதுசு வரவேண்டும் என்பது கொள்கை. 1970 ஒஸாகா உலகக் கண்காட்சியில் அவர் கேப்ஸ்யூல்களை அடுக்கி ஒரு மண்டபம் காட்டினார். அதைப் பார்த்த ஒரு ரியல் எஸ்டேட் முதலாளி, ‘இதே மாதிரி எனக்கு கின்ஸாவில் ஒன்று கட்டிக் கொடு’ என்று பிடித்துக்கொண்டார். ஆச்சு, இரண்டே வருடத்தில் கட்டடம் எழுந்துவிட்டது.

கின்ஸா டோக்கியோவின் விலையுயர்ந்த கடைத்தெரு. ஜப்பானிய அரசின் நிலமதிப்புப் பட்டியலில் பல வருடங்களாக முதலிடத்தில் இருப்பது கின்ஸாவில் ஓர் இசைக் கடை நிற்கும் துண்டு நிலம்தான். நாகாகின் இருந்தது அதே கின்ஸாவின் எட்டாவது பகுதியில், ஓரத்தில், எக்ஸ்பிரஸ் சாலையைப் பார்த்தபடி. இரண்டு கான்கிரீட் தூண்கோபுரங்கள், ஒன்று 11 மாடி, மற்றது 13. உள்ளே லிஃப்டும் படிக்கட்டும். அந்தத் தூண்களைச் சுற்றி 140 இரும்புப் பெட்டிகள். ஒவ்வொன்றையும் தொழிற்சாலையிலேயே முழுசாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி, நாலே நாலு போல்ட் போட்டு முறுக்கிவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வட்டக் கண்ணாடி வைத்த வாஷிங் மெஷின்களை யாரோ ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு மறந்துபோன மாதிரி இருக்கும்.

ஒரு பெட்டியின் அளவு இரண்டரை மீட்டருக்கு நாலு மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 107 சதுர அடி. இதற்குள் கட்டில், மடித்து இழுக்கும் மேஜை, அலமாரி, ஏ.ஸி., விமானத்தில் இருப்பதுபோல் ஒரே அச்சில் வார்த்த குளியலறை. சுவரிலேயே பதித்த கடிகாரம், ரேடியோ, தொலைபேசி. கூடுதல் பணம் கொடுத்தால் கலர் டி.வி.யும், சுழலும் நாடா டேப் ரிக்கார்டரும். 1972-ல் நம்மூரில் டி.வி. என்பதே டெல்லிக்கும் பம்பாய்க்குமான சமாசாரம், அதுவும் கறுப்பு வெள்ளை. அதை நினைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் படித்தால்தான் அந்தக் காலத்தில் இது எப்பேர்ப்பட்ட சொகுசு என்பது புரியும். எதிரே 1.3 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்ட ஜன்னல். ஜப்பானிய விசிறிபோல் விரிந்து மூடும் திரை. ஜன்னல் திறக்காது.

அடுப்பு எங்கே என்கிறீர்களா? கிடையாது. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை.

குரோகாவா மனதில் வைத்திருந்த ஆள் புறநகரில் சொந்த வீடும் குடும்பமும் உள்ள ஆபீஸ்காரர். கடைசி ரயிலைத் தவறவிட்டவர், அல்லது தவறவிட விரும்பியவர். அவருக்கு நகரத்தின் நடுவே ஒரு இரண்டாவது கூடு. சமையல் எதற்கு? கீழே இறங்கினால் கின்ஸா, அந்தப் பக்கம் ஷிம்பாஷி, தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். கூட்டம் உட்கார ஹால் எதற்கு? ஹோட்டல் லாபி இருக்கிறது. வீட்டிலிருந்து எதையெல்லாம் வெளியே தள்ள முடியுமோ அதையெல்லாம் நகரத்திடம் தள்ளிவிட்டு, தூங்கவும் குளிக்கவும் மட்டும் ஒரு பெட்டி. இன்றைக்கு லக்ஸுரி ஸ்டூடியோ விளம்பரத்தில், ‘நடக்கும் தூரத்தில் மால், மெட்ரோ, காபி ஷாப்’ என்று எழுதுகிறார்களே, அந்த வாக்கியத்தின் பூர்வீகம் இந்தப் பெட்டி. வாடகைக்கு விடுவது உள்ளே இருக்கும் 300 சதுர அடியை அல்ல, வெளியே இருக்கும் தெருவை. தெருவுக்கு நீங்கள் கொடுக்கும் காசு தெருவுக்குப் போய்ச் சேர்வதில்லை என்பது வேறு விஷயம்.

இங்கே திருவல்லிக்கேணியில் வாழ்ந்தவர்கள் ஒரு நிமிஷம் கையைத் தூக்கலாம். ஜப்பானில் கான்கிரீட் அடுக்குமாடி வீட்டுக்கு ‘மான்ஷன்’ என்றுதான் பெயர். ஒற்றை அறையாக இருந்தால் ‘ஒன் ரூம் மான்ஷன்’. இங்கிலீஷ்காரனின் அரண்மனை டோக்கியோவில் ஒரு அறையாகச் சுருங்கியது. நம் திருவல்லிக்கேணி மேன்ஷனில் அந்த ஒரு அறைக்குள் மூன்று கட்டிலாகவும் சுருங்கியது. அங்கேயும் அடுப்பு கிடையாது, கீழே மெஸ். அங்கேயும் ஊரில் வீடு, குடும்பம் எல்லாம் உண்டு. நகரம்தான் ஹால், பீச்சுதான் வராந்தா. அடிப்படைக் கணக்கு ஒன்றேதான். ஆனால் மேன்ஷனில் காலையில் பாத்ரூம் வரிசையில் பக்கெட்டோடு நின்றாக வேண்டும். நிற்கும்போது பேசியாக வேண்டும். சாவியை ரூம் மேட்டிடம் கொடுத்துவிட்டுப் போகலாம், இன்டர்வியூவுக்கு அவன் சட்டையைக் கடன் வாங்கலாம், காய்ச்சல் வந்தால் அவன் திட்டிக்கொண்டே ரசம் சாதம் வாங்கிவருவான். குரோகாவா செய்தது, பொதுக் குளியலறையைப் பிய்த்து உள்ளே வைத்து, ரூம் மேட்டைப் பிய்த்து வெளியே எறிந்தது. நாகாகினில் சொகுசு என்று விற்றதே இந்த இரண்டாவது காரியத்தைத்தான் என்பது என் வாசிப்பு. டேப் ரிக்கார்டர் சும்மா அலங்காரம்.

மேன்ஷன் வாழ்க்கையை நான் பொன்னுலகமாக்கவில்லை. மூட்டைப்பூச்சியோடு ஒரு ராத்திரி தூங்கியவன் யாரும் அதைச் செய்ய மாட்டான். தனியாக ஒரு அறை, உள்ளே தாழ்ப்பாள், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை என்பது பெரிய விஷயம். வேலை பார்க்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். ‘கல்யாணம் ஆச்சா? யார் யார் வருவாங்க?’ என்று கேட்காமல் ஒருத்தர் சாவியைக் கொடுத்தால், அதற்காக இன்னும் நாலாயிரம் கூடக் கொடுக்கலாம் என்றுதான் சொல்வார்கள். தனிமை ஒரு தேவை. அதில் குரோகாவாவோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை அந்த நாலு போல்ட்டைப் பற்றியது.

கேப்ஸ்யூல்களை 25 வருடத்துக்கு ஒருமுறை கழற்றிவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும் என்பது திட்டம். தூண் நிற்கும், பெட்டி மாறும். கட்டடம் சாகாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அதாவது 1997 வாக்கில் முதல் தோலுரிப்பு. நடக்கவில்லை. அந்த 140-ல் ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஏன் என்பதற்குப் பலர் தொழில்நுட்பக் காரணம் சொல்கிறார்கள். பெட்டிகளுக்கு நடுவே இடைவெளி குறைவு, கீழே உள்ளதை எடுக்க மேலே உள்ளதைத் தொடவேண்டும், குழாய்கள் எட்டாத இடத்தில் இருந்தன என்று. எல்லாம் உண்மைதான். ஆனால் என்ஜினீயர் தீர்க்கக்கூடிய சிக்கல்கள் அவை. தீராத சிக்கல், பெட்டிகளைத் தனித்தனியாக விற்றுவிட்டார்கள் என்பது. ஒருத்தர் ஆபீஸ் ஆக்கியிருப்பார், ஒருத்தர் பூட்டிப்போட்டிருப்பார், ஒருத்தர் வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பார். போல்ட்டைக் கழற்ற ஸ்பேனர் போதும். அதற்கு முன்னால் இத்தனை சொந்தக்காரர்களும் ஒரு இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். யாரும் யாரோடும் பேச வேண்டியிராத ஒரு வீட்டைச் சிறப்பாக வடிவமைத்துவிட்டு, பிறகு அவர்கள் கூடிப் பேசி ஒருமனதாகப் புதுப்பிப்பார்கள் என்று எதிர்பார்த்தால் எப்படி? மாடியில் ஏறி இறங்கினால் லிஃப்டைச் சுற்றிய படிக்கட்டுத் திருப்பம், அதில் ஓரிரு கதவுகள், அவ்வளவே. இரண்டு பேர் நின்று ‘என்ன, தண்ணி வருதா?’ என்று கேட்டுக்கொள்ள வராந்தா இல்லை. பெட்டியைப் பற்றி இவ்வளவு யோசித்தவர், பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே இருப்பதைப் பற்றிச் சரியாக யோசிக்கவில்லை. இதுதான் நாகாகின்மேல் என் குற்றச்சாட்டு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானில் ஒற்றை ஆளாக வீடு பிடிக்கப் போனால், வழக்கமாக முன்பணம் தவிர ‘ரெய்கின்’ என்று ஒன்று கேட்பார்கள். நன்றிப் பணம். வீடு கொடுத்ததற்கு வீட்டுக்காரருக்கு நன்றி, திரும்ப வராது. அதோடு, உங்களுக்காக ஜாமீன் கையெழுத்துப் போட இன்னொருவர் வேண்டும், அல்லது அதற்கென்றே இருக்கும் கம்பெனிக்குக் காசு கட்டவேண்டும். தனியாக வாழப்போகிறேன் என்பதற்கே இரண்டாவது ஆள் தேவை! பத்திரம் எழுதுகிறவனுக்குத் தெரிந்தது, படம் வரைகிறவருக்குத் தோன்றவில்லை.

2007 ஏப்ரல் குரோகாவாவுக்கு மோசமான மாதம். எட்டாம் தேதி டோக்கியோ ஆளுநர் தேர்தல். அவர் வேட்பாளராக நின்று தோற்றார். ஒரு வாரம் கழித்துப் பதினைந்தாம் தேதி நாகாகின் சொந்தக்காரர்கள் கூடி, கட்டடத்தை இடித்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். கல்நார் பயம், ஒழுகும் கூரை, கைவிட்ட குழாய்கள், எல்லாவற்றுக்கும் மேல் காலடியில் இருந்த நிலத்தின் விலை. பெட்டிகளை மட்டும் மாற்றலாம் என்று அவர் மன்றாடிப் பார்த்தார். கடைசியில் எல்லோரும் ஒரு தடவை ஒன்றுகூடினார்கள், அதுவும் இடிப்பதற்கு. அந்த அக்டோபரில் குரோகாவா காலமானார். ஆனால் கட்டடம் உடனே போகவில்லை. அடுத்த வருடம் உலகப் பொருளாதாரம் சரிந்தது, திட்டம் கிடப்பில் விழுந்தது. இன்னும் 15 வருடம் அது நின்றது.

என்னைப் பொறுத்தவரை நாகாகினின் சிறந்த அத்தியாயம் இந்தப் பதினைந்து வருடம்தான். புத்தகங்களில் இதற்கு ஒரு பாராதான் ஒதுக்குவார்கள்.

2010-ல் வெந்நீர் நின்றுபோனது. பெரிய பெரிய கட்டடங்களில் சாதாரணமாக இதோடு எல்லோரும் காலி செய்துவிட்டுப் போவார்கள். இங்கே பலர் போனார்கள், சிலர் இருந்தார்கள், புதிதாகச் சிலர் வாடகைக்கு வந்தார்கள். உதிரும் துண்டுகள் தலையில் விழாமலிருக்க வெளியே வலை கட்டியிருந்தது. ஏ.ஸி. ஓடாது, ஜன்னல் திறக்காது. இந்த லட்சணத்தில் மாத வாடகைக்கு விட்டால் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். குளிப்பதற்குத் துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பவேண்டும். கின்ஸா எட்டாம் பகுதியிலேயே கொம்பாரு-யு என்ற பழைய பொதுக் குளியல் கூடம் இருக்கிறது, 1863-ல் தொடங்கியதாகச் சொல்வார்கள். ஆக, பொதுக் குளியல் அந்த வாழ்க்கைக்குள் மறுபடி நுழைந்துவிட்டது. பின்னாலேயே ரூம் மேட்டும் நுழைந்தார். ஒருவர் தன் பெட்டியைத் தேநீர்ச் சடங்குக்கான அறை ஆக்கினார். இன்னொன்று சின்ன நூலகம், இன்னொன்றில் ஒருவர் இசைத்தட்டுச் சுழற்றினார். குடியிருப்பவர்களும் அபிமானிகளுமாகச் சேர்ந்து கட்டடத்தைக் காப்பாற்ற அமைப்பு தொடங்கினார்கள். காலியான பெட்டிகளை வாங்கினார்கள், ஆட்களைச் சுற்றிக் காட்டினார்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குழாய் உடைந்த பிறகுதான் அது ஒரு குடியிருப்பு ஆனது.

நோரிதாகா மினாமி என்ற புகைப்படக்காரர் அந்த வருடங்களில் பெட்டி பெட்டியாகப் போய்ப் படமெடுத்து, 2015-ல் ‘1972’ என்ற பெயரில் புத்தகம் போட்டிருக்கிறார். எல்லாப் படமும் ஒரே கோணம். கதவருகே நின்று எதிரே வட்ட ஜன்னலைப் பார்க்கிறது காமிரா. அறை மாறவில்லை, ஆள் மாறுகிறார். ஒன்றில் சாமான் கூரைவரை, ஒன்றில் எதுவுமே இல்லை, ஒன்றில் அந்த 1972-ன் சுவர்ச் சாதனங்கள் அப்படியே, இன்னொன்றில் அவற்றைப் பிடுங்கிவிட்ட ஓட்டை. ஆள் யாரும் படத்தில் இல்லை. பக்கங்களைத் திருப்பத் திருப்ப, ‘இந்தச் சட்டையை இங்கே மாட்டியவர் யாராக இருக்கும்?’ என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. கட்டடக் கலைப் புத்தகங்கள் நாகாகினை எப்போதும் வெளியிலிருந்துதான் காட்டும், அதுவும் புதுசாக. மினாமி உள்ளே போய்க் காட்டியதால்தான் அது ஒரு ஐடியாவாக இல்லாமல் வீடாகத் தெரிகிறது. ஒரே குறை, அந்தப் படிக்கட்டுத் திருப்பத்தை நான் இன்னும் அதிகமாகப் பார்க்க ஆசைப்பட்டேன்.

பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் கற்றுக்கொண்டார்கள். நியூயார்க்கில் 2016-ல் திறந்த கார்மல் பிளேஸ் அதே மாதிரி, ப்ரூக்லினில் பெட்டிகளாகச் செய்து கொண்டுவந்து அடுக்கியது. 55 வீடுகள், 260 சதுர அடியிலிருந்து 360 வரை. அதற்கு முன் அந்த நகரத்தில் புது வீட்டுக்கு 400 சதுர அடியாவது வேண்டும் என்று விதி, இதற்காகத் தளர்த்தினார்கள். இங்கே பெட்டிக்கு வெளியே பொது அறையும் மொட்டைமாடியும் உடற்பயிற்சிக் கூடமும் வைத்தார்கள். குறைந்த வாடகையில் ஒதுக்கிய 14 வீடுகளுக்குக் குலுக்கல் வைத்தபோது ஏறக்குறைய 60,000 விண்ணப்பம். ஆசை யாருக்கு இல்லை? ஆனால் பொது அறை என்பது பெயர்ப்பலகையால் மட்டும் பொது ஆகிவிடாது. அங்கே போவதற்கு ஒரு காரணம் வேண்டும், திருவல்லிக்கேணியில் பக்கெட் இருந்த மாதிரி.

நீங்களோ உங்கள் பெண்ணோ பையனோ இப்படி ஒரு ஸ்டூடியோவை வாடகைக்குப் பார்க்கப் போகலாம். இத்தாலிய மார்பிளையும் குளியலறைக் கண்ணாடியையும் அவர்களே காட்டிவிடுவார்கள். நீங்கள் வேறு சிலதைப் பாருங்கள். ஜன்னல் திறக்கிறதா? அம்மா ஊரிலிருந்து வந்தால் எங்கே படுப்பாள்? கதவைத் திறந்ததும் பக்கத்துக் கதவு தெரிகிறதா, அங்கே இருப்பவரிடம் மாற்றுச் சாவி கொடுத்துவைக்க முடியுமா? ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் அடித்தால் சுவரைத் தட்டினால் யாருக்காவது கேட்குமா? சவுண்ட் ப்ரூஃப் சுவர் என்று புரோக்கர் பெருமையாகச் சொல்லும்போது இந்தக் கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு, குடியிருப்போர் கூட்டம் கடைசியாக எப்போது நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்றும் கேளுங்கள். புரோக்கர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

நாகாகினை 2022 ஏப்ரலில் கழற்ற ஆரம்பித்தார்கள். அந்த 140-ல் 23 பெட்டிகளை அபிமானிகள் காப்பாற்றினார்கள். ஒன்று சான்ஃபிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்னொன்றை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கி, 2025 ஜூலையில் கண்காட்சி வைத்தது. ஒரு பெட்டியை மட்டும் ஜப்பானிலேயே சக்கரம் பூட்டி ட்ரெய்லர் ஆக்கியிருக்கிறார்கள். காருக்குப் பின்னால் கட்டி, வேண்டிய ஊருக்கு இழுத்துக்கொண்டு போகலாம். குரோகாவா 1969-லேயே, இனி மனிதன் நகர்ந்துகொண்டே இருப்பான், வீடும் அவனோடு நகரும் என்று எழுதியவர். நகரத்தான் செய்கிறது. போகிற இடத்தில் எல்லாம் ஜனங்கள் வரிசையில் நின்று, ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு, அந்த வட்ட ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கிறார்களாம்.